நெளுக்குளத்து வீடும் லண்டன் கதிரைகளும்

நாம் அன்றாடம் அமர்ந்தும் உண்டும் பூட்டியும் வைக்கின்ற பொருள்களின் பெயர்களைச் சற்று நின்று கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொற்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். நாற்பது ஆண்டுகள்கூட நிறைவாக ஆளவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற கதிரையை நாம் இன்றுவரை கதிரை என்றே அழைக்கிறோம். தமிழ்நாட்டார் அதனை நாற்காலி என்கிறார்கள்.

நமக்கென்று முன்னமே இருந்தவை பாய், மணை, ஊஞ்சல், பெட்டகம், கட்டில் போன்றவை. அவற்றுள் கட்டில் மிகப் பழையது. முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதில் படுத்துறங்கிய புலவர் மோசிகீரனாருக்கு, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காமல் கவரி வீசிய செய்தி புறநானூற்றின் 50ஆம் பாடலில் உள்ளது. யார் எதன்மேல் படுக்கலாம் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒரு பெரிய விடயமாகத்தான் இருந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை. லண்டனின் ஹரோ பகுதியில் வசிக்கும் அவள், நெளுக்குளத்தில் எங்கள் பழைய வீடு நின்ற காணியிலேயே புதிய வீடொன்றைக் கட்டினாள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்திவாரம் வெட்டப்பட்டது. அதன் பின்னர் நாட்டுக்கு வந்த நிலையை நீங்கள் அறிவீர்கள். 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவாகியது. எரிபொருள் இல்லை, சீமெந்து இல்லை, வேலைக்கு ஆள் வர வாகனமும் இல்லை. ஒருவாறாக 2024இல் வீடு கூரையும் கதவுமாக எழுந்து நின்றது. அதுவரை கொழும்பில் என்னோடு இருந்த அம்மா, "என்னைக் கொண்டுபோய் அங்கை விடு" என்று நச்சரிக்கத் தொடங்கியிருந்தார். எஞ்சியது தளபாடம் ஒன்றுதான். அதுதான் இலகுவான பகுதி என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

நெளுக்குளத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். வவுனியா நகருக்கு மேற்கே உள்ள ஊர். பண்டாரிகுளம், கூமாங்குளம், வேப்பங்குளம் என்று அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் குளங்களின் பெயரையே சுமப்பவை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. பின்னர் நீண்ட கோடை. சோளகம் பெயர்ந்துவிட்டால் செம்மண் புழுதி யன்னலின் இடுக்குகளாலும் வீட்டுக்குள் வரும். மண்ணுக்குள் கறையான் எப்போதும் காத்திருக்கும். இவ்வளவையும் கணக்கிலெடுத்துத்தான் அங்கே ஒரு கதிரை வாங்க வேண்டும்.

தங்கை படங்களை அனுப்பத் தொடங்கினாள். ஒவ்வொரு நாள் காலையிலும் கைத்தொலைபேசியைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு படங்கள் கிடக்கும். சாம்பல் நிறச் செற்றிகள், சாம்பல் நிறத் திரைச்சீலைகள், வெள்ளை அலுமாரிகள், பளபளக்கும் வெளிர்நிற மாபிள் தரை. யாவும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டவை போலிருந்தன. குளிர் நாட்டில் வெளிச்சம் குறைவு. கிடைக்கும் வெளிச்சத்தைப் பிடித்துவைக்க அவர்கள் வீட்டை வெளிறச் செய்கிறார்கள். அதில் பிழையில்லை. நெளுக்குளத்தில் வெளிச்சத்தை விரட்டுவதற்காகத்தான் நாம் விறாந்தை வைத்துக் கூரையைத் தாழ்த்திக் கட்டினோம்.

மரக்கூழ்ப் பலகைத் தளபாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடனின் இக்கியா நிறுவனம் 1943இல் தொடங்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமற் போக, அங்கு பணிபுரிந்த ஒருவர் அதன் கால்களைக் கழற்றினார். அதிலிருந்து, தட்டையான பெட்டியில் அடைத்து விற்று வீட்டில் பூட்டிக்கொள்ளும் முறை உலகெங்கும் பரவியது. வாடகை வீடுகளில் மாறி மாறி வாழ்பவனுக்கு அது ஒரு வரம். ஆனால் அந்தப் பலகை மரத்தூளையும் சிராய்களையும் பசையில் அழுத்திச் செய்தது. நீர் பட்டால் ஊதும். ஊதியது மீண்டும் சுருங்காது. ஒருமுறை கழன்ற திருகாணி அதே துளையில் இரண்டாம் முறை இறுகப் பிடிக்காது. கறையானுக்கோ அது அரைத்து வைத்த உணவு. வன்னியின் ஒரு மாரியையும் ஒரு கோடையையும் அது எப்படித் தாங்கும் என்று கேட்டேன்.

"அண்ணா, நீங்கள் எல்லாத்துக்கும் ஒரு கட்டுரை சொல்லுவியள்" என்றாள் தங்கை.

அவள் பக்கத்து நியாயத்தையும் நான் எழுதியாக வேண்டும். 1996இல் நாட்டை விட்டுப் போனவள். முதல் பத்தாண்டுகள் பிறர் வீட்டு அறைகளில் வாழ்ந்தாள். பின்னர் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி. யாரோ வீதியோரம் வைத்துவிட்டுப் போன செற்றியைக் கணவனும் மனைவியும் இரவோடிரவாகத் தூக்கி வந்து பிள்ளைகளை அதில் வளர்த்தார்கள். கடைத்தொகுதியில் இரவு வேலை, விடிந்தால் பிள்ளைகளின் பாடசாலை. தன் விருப்பப்படி ஒரு திரைச்சீலையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே அவளுக்கு ஐம்பதை நெருங்கும்போதுதான் வந்தது. கடைக் கண்ணாடிகளுக்கூடாக இருபத்தைந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டு நடந்தவற்றைத்தான் அவள் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் செற்றியைக் கேலி செய்வது எளிது. அதன் பின்னால் உள்ள கணக்கைப் பார்த்தால் கேலி வராது.

ஆனால் அந்த வீட்டில் ஆண்டுக்கு ஐம்பது வாரங்கள் வாழப்போகிறவர் எண்பத்திரண்டு வயது அம்மா. அவள் வரப்போவது இரண்டு வாரங்களுக்கு.

அம்மாவை வவுனியா நகரில் ஒரு காட்சியறைக்கு அழைத்துச் சென்றேன். தங்கை அனுப்பிய படத்தில் இருந்ததைப் போன்ற ஒன்று அங்கே இருந்தது. அம்மா அமர்ந்தார். அமர்ந்ததும் உள்ளே போய்விட்டார். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நின்றது. எழும்ப முயன்று இரண்டு முறை பின்னால் சாய்ந்தார். பின்னர் கடைக்காரர் காதுபடச் சொன்னார்: "தம்பி, உதிலை இருந்தால் என்னைத் தூக்கிவிடுறது ஆர்? இந்தப் பெடியனையும் சேர்த்து விப்பினமோ?"

வீட்டுக்கு வந்து பழைய சாய்மனைக் கதிரையையும் சாப்பாட்டுக் கதிரைகளையும் அளந்து பார்த்தேன். இந்த அளவுகளை முதிய பெற்றோருக்காக வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுகின்ற எவரும் குறித்து வைத்துக்கொள்ளலாம். முதியவர் அமரும் இருக்கை நிலத்திலிருந்து 18 முதல் 20 அங்குல உயரம் இருந்தால் எழுவது இலகு. இருக்கையின் ஆழம் 20 அங்குலத்தைத் தாண்டினால் முதுகு சாயாது அல்லது கால் நிலத்தில் முட்டாது. கைபிடி உறுதியாகவும் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டும் இருக்க வேண்டும், எழும்போது ஊன்றுவது அதில்தான். நான் அளந்த செற்றியின் உயரம் 16 அங்குலம், ஆழம் 24. கட்டிலும் மெத்தையோடு சேர்த்து ஏறத்தாழ 20 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். கதவின் இடைவெளி 32 அங்குலத்துக்குக் குறைந்தால் நாளை சக்கர நாற்காலி நுழையாது. பளபளக்கும் தரை படத்தில் அழகு, ஈரக்காலுக்கு ஆபத்து. குளியலறைக்கும் அதற்குப் போகும் வழிக்கும் சொரசொரப்பான தரையோடுதான் பொருந்தும்.

இன்னொன்று. படத்தில் ஒரு பொருளின் பருமன் தெரியாது. இரண்டடி மேசையும் நாலடி மேசையும் திரையில் ஒன்றுபோலவே நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பத்திரிகை. எந்தப் பொருளைப் படமெடுத்தாலும் அதன்மேல் அன்றைய நாளிதழை விரித்து வைத்து எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். திகதியும் தெரிந்துவிடும், அளவும் தெரிந்துவிடும். முப்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அப்போதுதான் கண்டேன்.

தொலைவிலிருந்து பிறர் வீட்டுக்குப் பொருள் தெரிவுசெய்வது குடும்பங்களுக்குள் மட்டும் நடப்பதன்று. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்குக்கென்று 65,000 இரும்பு வீடுகளை அரசு முன்மொழிந்தது நினைவிருக்கும். 2016இல் அது பெரும் வாதமாக நடந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா, அதற்குள் தளபாடமும் அடங்கும் என்றார்கள். வெக்கையில் எப்படி இருப்பது, விறகடுப்பை எங்கே வைப்பது, பின்னர் ஓர் அறையை எப்படிக் கூட்டிக் கட்டுவது என்று மக்கள் கேட்டார்கள். எதிர்ப்பினால் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன் 2012இல் பரவலாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கையில் கொடுக்கப்பட்டது. அவர்களே நின்று கட்டினார்கள். அந்தப் பணம் போதவில்லை என்பதும் பலர் கடன்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அந்த வீடுகளில் அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சமைக்கிறவர் தீர்மானித்தார்.

தங்கைக்கு இதை நினைவூட்டினேன். "நான் என்ன அரசாங்கமோ?" என்று கோபித்தாள். ஆனால் மறுநாள் அம்மாவையே நேரடியாக அழைத்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு ஆண்டுக் கட்டட வேலையில் அந்தக் கேள்வி அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கப்பட்டது.

அம்மாவின் பட்டியல் சிறியது. அப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் புதிதாகப் பிரம்பு பின்ன வேண்டும். குசினிக்குள் இருந்து மரக்கறி வெட்ட ஒரு வாங்கு. விறாந்தையில் வருகிறவர்கள் இருக்க நாலு கதிரை. உள்ளே ஒரு மர அலுமாரி, பூட்டுத் திறப்புடன். கட்டில் நாலு.

மரம் தேடி ஓடாவியார் ஒருவரிடம் போனோம். வன்னி மரத்துக்குப் பெயர் பெற்ற நிலம். முதிரையும் கருங்காலியும் பாலையும் இங்கிருந்த காடுகளின் செல்வம். இலங்கை முதிரை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்துச் செல்வர்களின் வீடுகளில் பொன்னிற மேசைகளாகவும் அலுமாரிகளாகவும் நின்றது. இன்று அதே லண்டனிலிருந்து மரக்கூழ்ப் பலகையை இங்கே அனுப்புவதா என்று தங்கையிடம் கேட்க நினைத்து, கட்டுரை என்று சொல்லிவிடுவாளே என்று விட்டுவிட்டேன். இப்போது முதிரை எளிதிற் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை தாங்காது. மரத்தை வீதியில் ஏற்றிச் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும். பலா மரத்தையும் பெண் பனையையும் வெட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஆகவே மலிவாக முதிரை தருகிறேன் என்று யாராவது சொன்னால் பத்திரத்தைக் கேளுங்கள்.

ஓடாவியார் தேக்கையும் வேம்பையும் காட்டினார். வேம்பின் கசப்புக்குப் பூச்சி எளிதில் அணுகாது. எந்த மரமானாலும் வயிரத்தைப் பார்த்து வாங்குங்கள், கறையான் முதலில் தின்பது வெளிப்புறத்து வெள்ளையைத்தான் என்று பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிக் காட்டினார். ஈரமான மரத்தில் செய்த கதவு பங்குனி வெயிலில் வெடிக்கும், ஆதலால் அவசரப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார். "லண்டன் அம்மா நாள் குறிச்சிட்டா எண்டு மரம் காயாது ஐயா."

வீட்டில் நின்ற பழைய முதிரைக் கட்டிலையும் அவர் பார்த்தார். அப்பா திருமணத்தின்போது செய்வித்தது. 1990இல் நாங்கள் எல்லாவற்றையும் விட்டு மடுவுக்கு ஓடித் திரும்பியபோது வீட்டில் கதவு நிலைகள் இல்லை, யன்னல்கள் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. பாரம் தாங்காமல் விட்டுவிட்டுப் போனார்களோ தெரியவில்லை, கட்டில் மட்டும் நின்றது. ஒரு பக்கச் சட்டத்தை மாற்றி, கால்களைச் சீவினால் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும் என்றார்.

கட்டில் எண்ணிக்கையில்தான் சிக்கல் வந்தது. நாலு அறைகள். அம்மாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, பிள்ளைகள் வந்தால் ஒன்று. நாலாவது அறையை வெறுமையாக விட்டு, அங்கே ஒரு மேசையும் புத்தக அடுக்கும் வைக்கலாம் என்பது தங்கையின் திட்டம். மூன்று கட்டில் போதும் என்றாள். அம்மா நாலு என்றார். விருந்தினருக்கா என்று தங்கை கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு தம்பி உண்டு. புதுக்குடியிருப்பில் வேலை செய்தவன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்தான். வட்டுவாகல் பாலத்தருகே கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்பால் சொல்ல யாரும் இல்லை. அந்த ஆண்டு வவுனியாவின் பாடசாலைகளெல்லாம் முகாம்களாகின. எங்கள் ஊரின் கலைமகள் மகா வித்தியாலயமும் அவற்றுள் ஒன்று. தன் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்திலிருந்த அந்த முட்கம்பிக்கு வெளியே நின்றுதான் அம்மா தேடத் தொடங்கினார். பின்னர் செட்டிகுளம் மெனிக்பாம். அது 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை எத்தனை முறை போனார் என்பதற்குக் கணக்கில்லை. 2017 பெப்ரவரி 24ஆம் திகதி வவுனியாவில் தாய்மார் வீதியோரம் பந்தலிட்டு அமர்ந்தபோது அங்கும் போய் இருந்தார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின்னர், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனவர் என்று ஒரு சான்றிதழ் பெறலாம் என்று நான் விளக்கினேன். "காணாமல் போனவன் எண்டு எனக்குக் கடதாசி வேணுமோ?" என்று கேட்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இதைத் தங்கைக்கு நான் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவும் இல்லை. தொலைபேசியில் அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் படங்கள் எதுவும் வரவில்லை. ஒரே ஒரு வரி வந்திருந்தது: "அண்ணா, நாலு."

சுவரில் என்ன மாட்டுவது என்பதும் அதனோடு சேர்ந்து தீர்ந்தது. முன்மண்டபச் சுவர் முழுவதும் படங்களை அடுக்கி மாட்டும் முறையொன்றைத் தங்கை அனுப்பியிருந்தாள். நமது வீடுகளில் படங்களுக்கும் ஓர் இடமுறை உண்டு. இறந்தவரின் படத்துக்கு மாலையும் பொட்டும் விளக்கும் உண்டு. உயிரோடிருப்பவரின் படம் அந்த வரிசையில் வராது. அப்பாவின் படம் சாமியறைச் சுவருக்குப் போனது. தம்பியின் படத்தை அம்மா பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவில் மாட்டச் சொன்னார். மாலை இல்லை. பொட்டும் இல்லை. சட்டத்தின் நிறம் மட்டும் தங்கையின் தெரிவு. சாம்பல்.

இறுதியில் அந்த வீட்டில் என்னென்ன சேர்ந்தன என்று பார்த்தால் ஒருவர் விருப்பமாக அது இல்லை. தங்கையின் அறையில் அவள் கேட்ட வெளிர் நிறங்கள் எல்லாம் உண்டு. செற்றியும் உண்டு. ஆனால் ஓடாவியார் செய்த தேக்குச் சட்டத்தில், 19 அங்குல உயரத்தில், கழற்றித் தோய்க்கக்கூடிய உறையோடு. விறாந்தையில் சாய்மனைக் கதிரை. பிரம்பு பின்னத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று. முன்மண்டபத்தில் கண்ணாடி மேசை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை ஆசையாக வாங்கியது என்பதால் அதன்மேல் ஒரு துணி விரித்து வைத்திருக்கிறார்.

பழைய முதிரைக் கட்டில் நாலாவது அறைக்குப் போனது. ஓடாவியார் மாற்றிய சட்டத்தின் நிறம் இன்னும் மற்றதோடு ஒத்துவரவில்லை. காலம் போகப் போக ஒத்துவிடும் என்கிறார். மாதம் ஒருமுறை அம்மா அந்த மெத்தையை வெயிலில் போடுவித்துத் தட்டி விரிப்பார். மற்ற நாள்களில் அறையின் யன்னல் காலையில் திறந்து மாலையில் சாத்தப்படும்.

2025 ஆகஸ்ட் விடுமுறைக்குத் தங்கையும் பிள்ளைகளும் வந்தார்கள். மருமகனுக்கு இருபத்திரண்டு வயது. ஆறடி உயரம். பிள்ளைகளின் அறைக் கட்டில் அவனுக்குக் குட்டையாக இருந்தது. முதல் இரவு கால்களை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தான். இரண்டாம் நாள் இரவு அம்மா அவனை நாலாவது அறைக்கு அழைத்துப் போனார். எங்களைவிட அவன்தான் அதிகம் தயங்கினான். லண்டனில் பிறந்து வளர்ந்தாலும் அந்த அறை யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மாமான்ரை கட்டில்தானே, படு" என்றார் அம்மா.

பத்து இரவுகள் அவன் அதில் உறங்கினான். அவர்கள் போன மறுநாள் அம்மா விரிப்பைத் தோய்த்துக் காயவைத்து, மீண்டும் சுருக்கமில்லாமல் விரித்து, தலையணையை வைத்தார். பின்னர் விறாந்தைக்கு வந்து, அடுத்த முறை அவனுக்கு நீளமாக ஒரு கட்டில் செய்விக்க வேண்டும், ஓடாவியாரிடம் இப்போதே மரத்தைக் காயப்போடச் சொல் என்றார். இப்போது வேப்பம் பலகை ஆறு, கொட்டிலின் நிழலில் அடுக்கிக் கிடக்கிறது.